முன்னால் இழுக்கும் வண்டியும் என் சகலையும்

எனக்குப் பொறாமை அதிகம். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு மூட்டுவலி, எனக்கு இது. இந்த வயதில் இதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பல வருஷம் என் பொறாமை முழுவதும் ஒரே ஆளின் மேலும் ஒரே காரின் மேலும் இருந்தது. ஆள் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன். கார், அவன் ஓட்டிய பிரெஞ்சுக் கார்.

நான் அப்போது பசுமலையில் ஒரு நூல் மில் முதலாளி வீட்டில் டிரைவர். என் கையில் இருந்தது ஒரு ஜெர்மன் கார். கருப்பு நிறம், தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். திருப்பரங்குன்றம் ரோட்டில் அது போனால் சைக்கிளில் வருகிறவன் காலை ஊன்றி நின்று பார்ப்பான். பார்க்கிறவன் காரை மட்டும் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவனையும் பார்க்கிறான் என்பது என் நினைப்பு. அந்த நினைப்பில் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மேல் பொத்தான் வரை மாட்டியிருப்பேன்.

அது பின் சக்கர வண்டி. எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் சக்தி ஒரு நீளமான தண்டு வழியாகக் காரின் அடியில் ஓடிப் பின் சக்கரங்களுக்குப் போகும். பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் திரும்பும், ஆளுக்கு ஒரு வேலை. அந்தக் காலத்தில் மதுரையில் ஓடிய பஸ், லாரி, டாக்சி எல்லாமே அப்படித்தான். வண்டி என்றாலே பின்னாலிருந்து தள்ளுவதுதான் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

சகலை ஆனையூர்க்காரன். விவசாயக் குடும்பம், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி விடவில்லை. "எந்தங்கச்சி புருசன் காலம் பூரா வயக்காட்டுலயே கெடக்கணுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேக்க மாட்டாரா?" என்று ஆறு மாசம் காதைக் கடித்தாள். சொன்னேன். முதலாளி கேட்டார். அவனை மில் வேனுக்குப் போட்டார்கள். அதோடு நின்றிருந்தால் நானும் நல்ல மனுஷனாகவே இருந்திருப்பேன்.

மறு வருஷம் முதலாளி மெட்ராஸிலிருந்து அந்தப் பிரெஞ்சுக் காரை வாங்கிவந்தார். ஏதோ ஒரு தூதரகத்து வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. மூக்கு நீண்டு, வால் ஒடுங்கி, பின் சக்கரம் பாதி மூடி, நான் அதுவரை பார்த்த எந்தக் காரின் ஜாடையும் அதில் இல்லை. முதலாளி சாவியை முதலில் நீட்டியது என்னிடம்தான். இதை நான் பல பேரிடம் சொன்னதில்லை. "இது முன் சக்கரம் இழுக்குற வண்டியாம்ப்பா, ஓட்டிப் பாக்குறியா?" என்றார்.

"முன் சக்கரம் இழுக்குறதா? அது சரிப்பட்டு வராதுங்க முதலாளி. நமக்கு நம்ம வண்டியே போதும்" என்றேன். என் காரை விட்டுக்கொடுத்தால் அது வேறு யார் கைக்காவது போய்விடுமோ என்ற பயம். முதலாளி பக்கத்தில் வேன் துடைத்துக்கொண்டிருந்த சகலையைக் கூப்பிட்டார். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் அதை ஸ்டார்ட் செய்தபோது நான் ஷெட்டில்தான் நின்றேன். தரையோடு படுத்துக் கிடந்த கார் முதலில் பின்பக்கம் எழுந்தது, அப்புறம் முன்பக்கம் எழுந்தது, எழுந்து நின்று "போகலாமா" என்று கேட்பதாகத் தோன்றியது. வீட்டு வேலைக்காரர்கள், தோட்டக்காரர், சமையல்காரர் எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் என் காரின் கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்தேன்.

முதல் அடி முதலாளி வீட்டு அம்மாவிடமிருந்து விழுந்தது. என் காரில் அந்தத் தண்டு ஓடுவதற்காகத் தரையின் நடுவில் நீளமாக ஒரு மேடு உண்டு. நடுவில் உட்காருகிறவருக்கு முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வரும். பிரெஞ்சுக் காரில் பின்னால் தண்டே கிடையாது, தரை சமதளம். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பூஜைக் கூடையைக் காலடியில் வைத்து, வெற்றிலைப் பெட்டியை அதற்குப் பக்கத்தில் வைத்து, "இது வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரில்ல இருக்கு" என்றார். பத்து வருஷமாக அவரைச் சுமந்த என் கார் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

இரண்டாவது அடி கொடைக்கானல் ரோட்டில். நல்ல மழை. கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து செம்மண் இறங்கி ரோட்டில் பரவியிருந்தது. நான் வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டேன். பின் சக்கரம்தானே தள்ளுகிறது, அது வழுக்கினதும் காரின் பின்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒதுங்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து நிறுத்தினேன். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும், எல்லாராலும் முடியாது. ஆனால் அம்மாவுக்கு என் கைப்பழக்கம் தெரியவில்லை, பள்ளத்தாக்குதான் தெரிந்தது. அடுத்த தடவை கொடைக்கானலுக்குப் பிரெஞ்சுக் காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார்.

போனார். அன்றைக்கும் மழை. முன் சக்கரத்தின் மேலேயே எஞ்சின் பாரம் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அது ரோட்டைக் கவ்விக்கொண்டு, திருப்பின பக்கம் காரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அம்மா தூங்கியே விட்டாராம். திரும்பி வந்த சகலையிடம் எல்லாரும் விசாரித்தார்கள். "நான் ஒண்ணும் செய்யலண்ணே. வண்டி தானா இழுத்துக்கிட்டுப் போகுது" என்று என்னிடம் சொன்னான். அவன் பீற்றிக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அவன் பணிவாகப் பேசப் பேச எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மில் வாசல் டீக்கடையில் இது தினசரி வழக்காகிப்போனது. "மாடு வண்டிய முன்னால நின்னுதானண்ணே இழுக்குது?" என்பான் அவன். "ஐஸ் வண்டிக்காரன் பின்னால நின்னுதான தள்ளுறான், அவன் என்ன கிறுக்கனா?" என்பேன் நான். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மனசு ஆறாமல் ஒருநாள் முனிச்சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயிடம் போனேன். எங்கள் இரண்டு காரையும் பார்ப்பவர் அவர்தான். முன் சக்கர வண்டியில் குறை என்னவென்று அவர் வாயால் கேட்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பாய் ஒரு ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார். "கொறை இல்லாம இருக்குமா? இழுக்குறதும் அதே சக்கரம், திரும்புறதும் அதே சக்கரம். டயரு சீக்கிரம் தேயும். பாரம் ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுனா வெயிட்டெல்லாம் பின்னால போயிரும், மூக்கு தூக்கிக்கிரும், சக்கரம் சும்மா சுத்தும். அந்த எடத்துல ஒன் வண்டிதான் ராசா."

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. "அப்ப மணல்ல மாட்டுனா?" என்று கேட்டேன்.

"ஒன் வண்டின்னா டிக்கியில நாலு ஆளை ஏத்துவ. பின் சக்கரம் அமுங்கும், புடிச்சு ஏறிரும். அந்த வண்டிக்கு அதைச் செஞ்சா போச்சு. அதைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸ்ல ஏத்தணும். அப்ப எஞ்சின் வெயிட்டு சரிவுப் பக்கம் வந்துரும், முன் சக்கரத்தை அமுக்கிக்கிட்டு அதுபாட்டுக்கு ஏறும். தெரியாம பழைய பழக்கத்துல டிக்கியில ஆளை ஏத்தி முறுக்குனான்னு வையி, ஆக்சில் ஒடஞ்சிரும். ஒடஞ்சா அந்தச் சாமான் நம்ம ஊர்ல கெடைக்காது. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வரும் வழியில் இதைச் சகலையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது காரின் பேச்சு வந்தது. முதலாளியின் மருமகன் ஜெர்மனியில் இருந்தார். அவர் ஊரோடு வரப்போகிறார், வரும்போது ஒரு கார் கொண்டுவருகிறார், அதில் நாலு சக்கரமும் இழுக்கும் என்றார்கள். நாலு சக்கரமும் இழுப்பது எங்களுக்குத் தெரிந்து ஜீப்தான். பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப்புகள் தோட்டங்களில் ஓடின. அந்த வேலையைத் தோல் சீட்டும் ஏசியும் வைத்த காரில் செய்திருக்கிறான் என்றால் நம்ப முடியவில்லை. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அதுக்கு. மெட்ராஸ், பெங்களூர் எல்லாம் இனிமே அதுலதான். மாசி முடியட்டும், யாருன்னு சொல்றேன்" என்றார்.

எனக்குத் தூக்கம் போச்சு. என் சர்வீஸ் பெரியது. ஆனால் அம்மா அவன் பக்கம். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி மறுக்க மாட்டார். நான் கொண்டுவந்து விட்டவன் எனக்கு மேலே ஏறிப் போவதை நானே கதவைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டுமா? ஒரு மாசம் இதையே நினைத்தேன். என் மனைவியிடமும் சிடுசிடுத்தேன், அவள் தங்கச்சி வீட்டுக்கு வந்தால் முகம் கொடுக்கவில்லை.

மாசி சிவராத்திரிக்கு முதலாளி குடும்பம் குலதெய்வம் கும்பிடப் போகும். கோயில் செக்கானூரணி தாண்டி மேற்கே, கரிசல் காட்டுக்குள் இருந்தது. கோயிலுக்கு முன்னால் ஒரு மணல் ஓடை குறுக்கே கிடக்கும். தண்ணீர் இருக்காது. போகும்போது இறக்கம் என்பதால் சிரமமில்லை. திரும்பும்போதுதான் இந்தப் பக்கத்துக் கரை செங்குத்தாக ஏறும். அந்த வருஷம் இரண்டு காரும் போயின. மறுநாள் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பினோம். சொந்தக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் வழியனுப்ப ஓடைக்கரைக்கு வந்திருந்தார்கள்.

நான் முதலில் ஏற்றினேன். என் டிக்கி நிறைய அண்டா, குண்டா, மீந்த அரிசி மூட்டை. பின் சக்கரம் நன்றாக அமுங்கி, ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டேன். முதலாளி முன்சீட்டில் இருந்தபடி, "பரவால்லப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாச்சு.

அடுத்து சகலை. அம்மாவையும் மற்ற பெண்களையும் இறக்கிவிட்டு வெறுங்காரோடுதான் வந்தான். பாதி மேட்டில் மூக்கு தூக்கியது, முன் சக்கரம் இரண்டும் மணலை வாரி அடித்துச் சுற்றின. கார் நின்றது. அவன் மெதுவாகக் காரைக் கீழே இறக்கினான். அடியில் ஸ்டியரிங்கை ஒடித்துக் காரைத் திருப்ப ஆரம்பித்தான். ரிவர்ஸ் விஷயம் அவனுக்குத் தெரியாது, ஓட்டம் எடுத்து ஏறப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கரையில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டேன். "மாப்ள, என்ன செய்யுற? நேரா நிறுத்து. டிக்கியில நாலு ஆளை ஏத்தி ஒரே முறுக்கா முறுக்கு, ஏறிரும்."

பாய் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது. தெரியாமல் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்த வழியும் இல்லை. ஆக்சில் ஒடிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏறாமல் நிற்க வேண்டும், முதலாளி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அது போதாதா?

சகலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தான். "சரிண்ணே" என்றான்.

காரை நேராக நிறுத்தினான். முதலாளியின் பங்காளிகளில் தடித்த ஆட்களாகப் பார்த்து நாலு பேர் டிக்கியைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். கூட்டம் "ஏய் ஏய்" என்று குரல் கொடுத்தது. அவன் முறுக்கினான். முன் சக்கரம் குழி பறித்துக்கொண்டே போய், அடியில் கிடந்த ஒரு பாறையைப் பிடித்தது. டணார் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எஞ்சின் மட்டும் ஓடியது, சக்கரம் ஓடவில்லை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு ஜோடி மாடு பூட்டிக் காரை மேலே ஏற்றினார்கள். மாடுகள் முன்னால் நின்றுதான் இழுத்தன. முதலாளி அத்தனை பேருக்கும் முன்னால், "டிராக்டர் ஓட்டுறவன்கிட்ட இதைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். சகலை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாட்டின வண்டிக்கு டிக்கியில் ஆள் ஏற்றுவது எல்லாரும் செய்வதுதான் என்பதால் என் யோசனையை யாரும் குறை சொல்லவில்லை. தப்பு அதில்தான் என்று நானும் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதால்தான் செய்தேன் என்று அவனும் சொல்லவில்லை. அதை அன்று நான் என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக் கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்தது. சாமான் கிடைக்கவே இல்லை. சகலையைப் பஞ்சு லாரிக்கு மாற்றினார்கள். அவன் வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில் கிடந்தான். மூன்றாவது கார் வந்தது. சாவி என் கைக்கு வந்தது.

ஆத்தாடி, அது என்ன கார்! மழையில் வால் ஆட்டாது, மேட்டில் மூக்கு தூக்காது, மணலில் நிற்காது. ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பார்த்துக்கொள்ளும். கொடைக்கானல் வளைவில் என் கைப்பழக்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை. யார் ஓட்டினாலும் ஒரே மாதிரி போகும் என்பதை இரண்டு மாசத்தில் மருமகனும் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் அவரே ஓட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செக்போஸ்ட்டுக்கு இறங்கி ஏறினேன். பின்சீட்டில் அம்மா, தரையில் மறுபடியும் வந்துவிட்ட மேட்டைக் காலால் தட்டி, "என்ன இருந்தாலும் அந்தப் பழைய காரு சொகம் வராது" என்பார். தார்ப்பாய்க்குள் படுத்துக் கிடக்கிற கார் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

எண்பதுகளின் நடுவில் சகலை மகளுக்குக் காதுகுத்து, ஆனையூரில். பெரியப்பா என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி. பாயும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் பந்தல் ஓரத்தில் நின்று பேசும்போது முன் சக்கரக் கார்ப் பேச்சு வந்தது. அப்போது சின்னச் சின்ன முன் சக்கரக் கார்கள் ஊருக்குள் நிறைய வர ஆரம்பித்திருந்தன, பாய்க்கு நல்ல வேலை.

"ஒன் சகலை கெட்டிக்காரன்ப்பா" என்றார் பாய். "அந்தப் பிரெஞ்சு வண்டி வந்த புதுசுலயே எங்கிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டான். கோச்சடைப் பக்கம் ஆத்து மணல்ல எறக்கி, ரிவர்ஸ்ல நாலு வாட்டி ஏத்திக் காமிச்சான். கூட நான் இருந்தேன். அப்படிப்பட்டவன் எப்படி ஆக்சில ஒடிச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்த சகலையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்ள, அன்னைக்கு ஓடையில காரைத் திருப்புனியே, ரிவர்ஸ்ல ஏத்தத்தானா?"

"ஆமாண்ணே."

"டிக்கியில ஆள் ஏத்துனா போயிரும்னு தெரியுமா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சும் எதுக்குடா ஏத்துன?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க. அந்த வேலையே நீங்க வாங்கிக் குடுத்தது. நீங்க சொல்றது தப்புன்னு முதலாளி முன்னாடி நான் எப்படிண்ணே சொல்றது? முன் சக்கர வண்டி அண்ணனுக்குப் பழக்கமில்ல, தெரியாமச் சொல்றாரு, அவரு பேரு கெட வேணாம்னு நெனச்சேன். ஒருவேளை ஏறிருமோன்னும் பாத்தேன். விடுங்கண்ணே, முடிஞ்சு போன கதை. வாங்க, பாயாசம் ஆறுது."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவன் முகத்தில் துளி வருத்தம் இல்லை, என் மேல் சந்தேகமும் இல்லை. என்னைப் போல ஒருத்தனை இவனால் இப்படி நம்ப முடிகிறதே, என்னால் யாரையும் இப்படி நம்ப முடிந்ததில்லையே என்று அந்த நிமிஷத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். போய்ப் பாயாசம் குடித்தேன்.

சகலை இப்போதும் ஆனையூரில்தான் இருக்கிறான். அவனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, இதைப் படிக்க மாட்டான். அவன் மகள் படிப்பாள். அவளே அவனுக்கு வாசித்துக் காட்டட்டும். பாய் எனக்கும் சொல்லியிருந்தார், மாப்ள. எனக்கும் தெரியும்.